பாத்திரம் கழுவும் இடம்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்க வேண்டுமென்றால் முதலில் அதன்மேல் கிடக்கும் மண்ணையெல்லாம் வெட்டி வாரிக் கொட்ட வேண்டும். செம்மண், மணற்கல், அதற்குக் கீழே களிமண். அந்தக் களிமண்ணில் வெள்ளையும் உண்டு. 1956இல் நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டு சுரங்கம் வெட்ட ஆரம்பித்தபோது, இந்த வெள்ளைக் களிமண்ணைக் கழுவிச் சுத்தம் செய்து விற்க ஓர் ஆலையும் திட்டத்தில் சேர்ந்தே வந்தது. பக்கத்தில் வடலூரில் நெய்சர் தொழிற்சாலை வாஷ்பேசினும் கழிப்பறைப் பீங்கானும் செய்தது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை, பீங்கான் தொழில் சொல்லித்தர ஓர் அரசுக் கல்வி நிலையம். ஊறுகாய் ஜாடி, ஃப்யூஸ் கட்டை, கொலு பொம்மை என்று அந்தப் பக்கத்துச் சூளைகளில் வேகாத சாமான் இல்லை. அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. பீங்கான் எங்களுக்கு ஊர்ச் சரக்கு.

ஆனால் அந்த ஊரில் இத்தனை வருஷம் குடியிருந்தும் அம்மா பாத்திரம் தேய்த்ததெல்லாம் சிமெண்டுத் தொட்டியில்தான். குவார்ட்டர்ஸின் பின்பக்கம், தரையோடு தரையாக ஒரு தொட்டி. குந்தி உட்கார்ந்து தேய்க்க வேண்டும். அப்பாவுக்கு முதல் ஷிஃப்ட் இருக்கும் வாரங்களில் விடியுமுன்பே முந்தின நாள் பாத்திரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். எவர்சில்வர் தட்டு சிமெண்டில் பட்டால் தெருக்கோடி வரை கேட்கும். பிள்ளைகள் முழித்துக்கொள்ளக் கூடாது என்று தட்டுக்கு அடியில் பழைய சாக்கை மடித்துப் போட்டு, ஒன்றின்மேல் ஒன்று இடிக்காமல் கழுவி அடுக்குவாள். நான் அந்தச் சத்தமில்லாத சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன்.

அப்பா ஓய்வு பெற்று, அவர் காலமும் முடிந்த பிறகு அம்மா என்னோடு வந்துவிட்டாள். நானும் என் கணவரும் வடலூருக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில் மனை வாங்கி வீடு கட்டியபோது, சமையலறை விஷயத்தில் நான் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். அடுப்பு எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், அலமாரி என்ன நிறமாக வேண்டுமானாலும் இருக்கட்டும். சிங்க்கை மட்டும் அம்மாதான் சொல்ல வேண்டும். வீட்டில் அவளால் இன்னும் விடமுடியாத வேலை பாத்திரம் கழுவுவது. வேண்டாம் என்று எத்தனை சொன்னாலும் சாப்பிட்ட கையோடு தட்டை எடுத்துக்கொண்டு நிற்பாள்.

"எனக்கு சத்தம் வராததா வேணும்" என்றாள் அம்மா. அவ்வளவுதான் அவள் கேட்டது.

மாடுலர் கிச்சன் போடுகிற கடையில் இதைச் சொன்னேன். அவர்கள் ஸ்டீல் சிங்க்கின் அடிவயிற்றில் ஒட்டியிருந்த கறுப்பு ரப்பர் அட்டையைக் காட்டினார்கள். அது சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கும், உண்மைதான். நல்ல 304 ஸ்டீலில் பதினெட்டு சதவீதம் குரோமியமும் எட்டு சதவீதம் நிக்கலும் இருக்கும், துரு ஏறாது, விழுந்தால் உடையாது, தூக்கி மாட்ட ஒரே ஆள் போதும். நம் ஊர்ப் பாத்திரக் கடைகளே எவர்சில்வராக மாறின. பாத்திரத்தோடு பாத்திரமாக சிங்க்கும் மாறியது. அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் எவ்வளவு கனமான ஸ்டீலும் தகடுதானே. குழாயைத் திறந்தால் அதிரும். கரண்டி விழுந்தால் கத்தும்.

பீங்கான் அதிராது. ஒரு விரற்கடை கனத்துக்கு மண்ணே சுவராக நிற்கும்போது தண்ணீர் விழும் ஓசை அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. சிதம்பரத்தில் தெரிந்தவர்கள் வீட்டில் ஒரு பழைய வெள்ளைப் பீங்கான் தொட்டி இருந்தது. அதன்முன் அம்மாவை நிற்கவைத்துக் குழாயைத் திறந்துவிட்டேன். அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை, காதைக் கொடுத்துக் கேட்டாள். "இதுதான்டி" என்றாள்.

என் கணவருக்கு ஒரே கவலை. உடைந்துவிடுமே? குக்கர் கைநழுவி விழுந்தால்? தோசைக்கல் ஓரத்தில் இடித்தால்? கஞ்சி வடிக்கும்போது கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விழுந்தால்? நியாயமான கேள்விகள். பதில் தெரியாமல் வாங்கக் கூடாது என்று, விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் படித்து இருபது வருஷமாகச் சூளையோடு கிடக்கும் என் சித்தி மகனைத் தேடிப் போனோம்.

அவன் பட்டறையில் ஒரு பக்கம் வெள்ளைக் கூழ் தொட்டி தொட்டியாக நின்றது. களிமண், பொடித்த குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் மூன்றையும் தண்ணீரில் கரைத்த கூழ். மோர்க்குழம்பு பதம் என்று சொல்லலாம். அதை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அச்சின் உட்சுவரில் களிமண் ஏடாகப் படிந்து கனமாகிக்கொண்டே வருகிறது. வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிடுகிறார்கள். அச்சைப் பிரித்தபோது உள்ளே இருந்த சாமானை அவன் தொட விடவில்லை. "இப்ப விரல் பட்டாக்கூட தடம் நிக்கும்க்கா. அந்தத் தடம் வெந்த பிறகு விரிசலா வரும்" என்றான். காயவைத்து, மேலே பூச்சு அடித்து, ஆயிரத்து இருநூறு டிகிரிக்குப் பக்கத்தில் வேகவைக்கிறார்கள். காய்ந்து வெந்து வெளியே வரும்போது சாமான் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கியிருக்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காது.

சமையலறைக்கு வரும் பெரிய தொட்டிகள் வாஷ்பேசின் மாதிரி அல்ல என்பதையும் அங்கேதான் விளங்கிக்கொண்டோம். வாஷ்பேசின் மெல்லிசு. உடம்பே கண்ணாடி போல இறுகிப்போன மண், தண்ணீரை உறிஞ்சாது. சமையலறைத் தொட்டியைக் கனமாக வார்க்க வேண்டும். அவ்வளவு கனமான களிமண் காயும்போதே கோணிக்கொள்ளும். அதனால் ஏற்கெனவே சுட்ட மண்ணை இடித்துத் தூளாக்கிக் கலக்கிறார்கள். ஒருமுறை வெந்த மண் இரண்டாம் முறை அவ்வளவாகச் சுருங்காது. அந்தத் தூள்தான் தொட்டியை நேராக நிறுத்துகிறது, கஞ்சித் தண்ணீரின் சூட்டையும் தாங்கவைக்கிறது. ஃபயர்கிளே என்று கடையில் சொல்வது இதைத்தான். ஆனால் அதன் உடம்பு கொஞ்சம் நீர் உறிஞ்சும். மேல்பூச்சு இருக்கும்வரை ஒன்றுமில்லை. ஓரத்தில் இடிபட்டுப் பூச்சு பெயர்ந்தால் அந்த இடத்தில் மஞ்சளும் எண்ணெயும் ஊறிக் கறையாகிவிடும். அதனால் அவன் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்: நடுவில் எதுவும் ஆகாது, ஓரத்தைக் காப்பாற்றுங்கள்.

"புளிக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டார் என் கணவர். அவன் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "வருஷம் பூரா ஆவக்கா ஊறுகா எதுல கிடக்குது? உப்பும் புளிப்பும் எண்ணெயும் ஜாடியை என்னா பண்ணிச்சி?" அதற்குமேல் அந்தக் கேள்விக்கு வேலை இருக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவிடமும் கேட்டேன். மூன்று நான்கு வீட்டில் தேய்க்கிறவர். ஒவ்வொரு வீட்டுத் தொட்டியின் குணமும் அவர் கைக்குத் தெரியும். "மூலை இருக்கக் கூடாதும்மா" என்றார். இப்போது வரும் விலை உயர்ந்த ஸ்டீல் தொட்டிகளில் மூலையெல்லாம் பெட்டி மாதிரி கூராக வைக்கிறார்கள், பார்க்க அழகுதான், ஆனால் பருக்கை அதில் போய் ஒட்டிக்கொண்டால் விரலும் போகாது, பிரஷ்ஷும் போகாது, மறுநாள் நாற்றம் எடுக்கும் என்றார். அச்சில் வார்க்கிற பீங்கானில் கூரான மூலை வராது, கழற்றும்போதே பிய்ந்துவிடும். ஆகவே உள்மூலை உருண்டையாகத்தான் இருக்கும். எந்த ஷோரூமிலும் எனக்கு யாரும் சொல்லாத விஷயம் இது. தேய்க்கிற கைதான் சொன்னது.

அடுத்தது உயரம். இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீடு கட்டுகிற பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். மேஸ்திரிகள் மேடையை முப்பத்துநாலு இஞ்ச் என்று கண்ணை மூடிக்கொண்டு வைப்பார்கள். அடுப்புக்கு அது சரி. ஆனால் பாத்திரம் கழுவுகிறவளின் கை மேடைமேல் இருப்பதில்லை, தொட்டியின் அடியில் இருக்கிறது. பத்து இஞ்ச் ஆழத் தொட்டி என்றால் அடி இருபத்துநாலு இஞ்சில் போய் நிற்கும். உயரமானவர்கள் நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டும். ஆழத்தைக் குறைத்தாலோ தண்ணீர் தெறிக்கும், இட்லிக் கொப்பரை படுக்காது.

அம்மா நாலடி பத்து அங்குலம். அவளைப் பாதி கட்டிய சமையலறையில் நிற்கவைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, மடக்கிய விரல் முட்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்று மேஸ்திரி டேப் பிடித்தார். அந்த உயரத்துக்குச் செங்கல்லை அடுக்கி, மேலே ஒரு பேசினை வைத்து, அதில் குக்கரை வைத்துத் தேய்ப்பது போல அவளைச் செய்யச் சொன்னோம். ஒரு செங்கல் ஏற்று, ஒரு செங்கல் இறக்கு என்று அம்மா அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். கடைசியில் எட்டு இஞ்ச் ஆழம் போதும், அடி இருபத்தாறு இஞ்சில் நிற்கட்டும் என்று முடிவாயிற்று.

அப்போதுதான் அம்மா இன்னொன்று சொன்னாள். எனக்கும் அது தினம் நடப்பதுதான், ஆனால் அதை ஒரு குறையாக நினைத்துப் பார்த்ததே இல்லை. "எங்க நின்னு கழுவினாலும் வயித்துப் பக்கம் புடவை நனையுதுடி. ஈரத்தோடதான் நாள் பூரா திரியறேன்."

சாதாரணத் தொட்டிகளில் நமக்கும் தொட்டிக்கும் நடுவில் கிரானைட் ஒரு நாலு விரல் அகலம் இருக்கும். தெறித்த தண்ணீர் அதில் தேங்கும். கை எட்டுவதற்காக நாம் அதன்மேல் சாய்வோம். புடவைக் கொசுவத்துக்கு மேலே, இடுப்பைச் சுற்றி ஒரு ஈரப் பட்டை. தமிழ்நாட்டில் எத்தனை கோடிப் பெண்கள் அந்த ஈரப் பட்டையோடு மத்தியானம் வரை நடமாடுகிறார்கள்! அதை யாராவது ஒரு நோயாகவோ குறையாகவோ எழுதியிருக்கிறார்களா? பீங்கானில் முன்முகம் வெளியே தெரிகிற தொட்டி ஒன்று வருகிறது. மேடையின் விளிம்புக்கும் கொஞ்சம் முன்னால் தொட்டியின் சுவரே வந்து நிற்கும். நடுவில் கல் கிடையாது. உடம்பு நேராகத் தொட்டியில் படும், தண்ணீர் தேங்க இடமில்லை, சாய வேண்டியதும் இல்லை. வெள்ளைக்காரர் நாட்டுப் பண்ணை வீடுகளில் வந்த வடிவம். அழகுக்காக இப்போது விற்கிறார்கள். எங்களுக்கு அது அம்மாவின் புடவைக்காக வேண்டியிருந்தது.

வாங்கியது புதுச்சேரியில் ஒரு கடையில். சரக்கு வந்தது குஜராத்தில் இருந்து. பீங்கான் ஊரில் பிறந்து குஜராத் பீங்கானை வாங்குவதில் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் இந்த அளவில், இந்த வடிவில் நம் பக்கத்துப் பட்டறைகள் யாரும் வார்க்கவில்லை. மோர்பியும் தான்கட்டும் இன்று இந்தியாவுக்கே டைல்ஸும் வாஷ்பேசினும் செய்கிற ஊர்கள். நெய்வேலிக் களிமண்ணும், படித்த பிள்ளைகளும், சூளையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நாம் இதில் பின்தங்கிப் போனோமே என்கிற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

விலை நல்ல ஸ்டீல் தொட்டியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். வண்டியில் இருந்து இறக்க இரண்டு பேர் மூச்சு வாங்கினார்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் அம்மா தொட்டியைச் சுற்றி வந்து, மடக்கிய விரல் முட்டியால் தட்டினாள். சந்தையில் பானை வாங்கும்போது தட்டுகிற அதே தட்டு. மூன்று பக்கம் கணீர் என்றது. நாலாவது பக்கம், கழிவு ஓட்டைக்கு அருகில், தொண்டை கட்டின குரல்.

"இது ஆகாது" என்றாள்.

கடைக்காரருக்கு போன் போட்டோம். பூச்சில் ஏதாவது கோடு இருக்கும், அதனால் ஒன்றும் ஆகாது என்றார். நான் சித்தி மகனான தம்பிக்கு போன் போட்டேன். பேனா மையைத் தடவி ஐந்து நிமிஷம் விட்டு ஈரத்துணியால் துடையுங்கள், பூச்சு முழுசாக இருந்தால் மை போய்விடும், விரிசல் இருந்தால் கோடு நிற்கும் என்றான். என் மகளின் பேனாவில் இருந்து நீல மையை எடுத்துத் தடவினோம். துடைத்தபோது கழிவு ஓட்டையின் விளிம்பிலிருந்து ஆள்காட்டி விரல் நீளத்துக்கு, தலைமுடியைவிட மெல்லிசாக, நீலக் கோடு ஒன்று வளைந்து நின்றது. போட்டோ எடுத்து அனுப்பினோம். வாதம் கொஞ்சம் நடந்தது. மாற்றித் தந்தார்கள். இரண்டாவதாக வந்ததை அம்மா நான்கு பக்கமும் தட்டிவிட்டுத்தான் டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போடவிட்டாள்.

கிரானைட் அறுக்கிறவரிடம், தொட்டி வருவதற்கு முன் கல்லில் கைவைக்கவே கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். கேட்டலாக்கில் இருக்கிற அளவு வேறு, சூளையில் இருந்து வந்த அளவு வேறு. எங்கள் தொட்டியில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் கால் இஞ்ச் வித்தியாசம் இருந்தது. தொட்டியைக் கவிழ்த்து அட்டையில் கோடு இழுத்து, அந்த அட்டையை வைத்துத்தான் கல்லை அறுத்தார்.

கனத்தையும் யோசிக்க வேண்டும். தொட்டியே நாற்பது கிலோ சொச்சம். வாய்வரை தண்ணீர் நின்றால் இன்னும் ஐம்பது கிலோ ஏறும். அதைக் கிரானைட்டில் தொங்கவிட்டால் என்றைக்காவது கல்லே பிளந்துவிடும். மேஸ்திரி இரண்டு பக்கமும் நாலரை இஞ்ச் செங்கல் சுவர் எழுப்பி, மேலே கடப்பாக் கல் போட்டு, கழிவுக் குழாய்க்கு அதில் ஓட்டை போட்டு, மெல்லிசாகச் சிமெண்டுக் கலவை பரப்பித் தொட்டியை உட்காரவைத்தார். வாட்டர் லெவல் வைத்துப் பார்த்து, ஓட்டைப் பக்கமாகத் துளி சாய்வு கொடுத்தார். பிளம்பர் கொண்டுவந்த வேஸ்ட் கப்ளிங் ஸ்டீல் தகட்டுக்கு உள்ளது, மரை எட்டவில்லை. பீங்கான் அடியின் கனத்துக்கு நீள மரை உள்ளது வேண்டும். கடலூர் போய் வாங்கி வந்தார். முடுக்கும்போது, "அக்கா, இதை ரொம்ப இறுக்கினா பீங்கான் பிளந்துரும், ரப்பர் வாஷர் பிடிக்கிற வரைக்கும் போதும்" என்று எனக்கும் சொல்லித் தந்தார்.

புழங்க ஆரம்பித்த பிறகு தெரிந்தவை சில உண்டு. கொஞ்ச நாளிலேயே தொட்டியின் அடியில் பென்சிலால் கிறுக்கினாற்போலச் சாம்பல் நிறக் கோடுகள் வந்தன. என் கணவர் கீறல் என்று பதறினார். கீறல் இல்லை. எவர்சில்வர் அந்தப் பூச்சைவிட மெத்து. பூச்சில் உரசும்போது உலோகம்தான் தேய்ந்து அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. ஈரத்துணியில் சோடா உப்பைத் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். மணல் வேறு சங்கதி. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் பூச்சைவிடக் கெட்டி, உண்மையாகவே கீறிவிடும். வெண்கலப் பானைக்கு மணலும் செங்கல் தூளும் போட்டுத் தேய்க்கிற பழக்கம் அக்காவுக்கு. அதைத் தொட்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். போர் தண்ணீரின் உப்புப் படிவம் வெள்ளையில் வெள்ளையாக மறைந்துவிடுகிறது. பிழிந்த எலுமிச்சை மூடியை வாரம் ஒருமுறை தேய்த்தால் பளபளப்பு திரும்பிவிடும். ஓரத்துக்காக ஒரு ரப்பர் பாய் வாங்கி, குக்கரும் தோசைக்கல்லும் வரும்போது மட்டும் விரிக்கிறோம். கண்ணாடி டம்ளர் கைநழுவினால் டம்ளர்தான் போகும். இதுவரை இரண்டு மூன்று போயிருக்கிறது.

அம்மாவின் புடவை நனைவதில்லை. இதை நான் தினமும் பார்க்கிறேன். காலையில் அவள் சமையலறையிலிருந்து வெளியே வரும்போது என் கண் முதலில் அங்கேதான் போகும்.

மீனுக்கு மட்டும் அவள் இந்தத் தொட்டியைத் தரமாட்டாள். கடலூர் மத்தியும் நெத்திலியும் வரும் நாளில் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுவாள். செதிள் அடைக்கும், அரிவாள்மனை ஓரத்தில் படும், கவிச்சி சமையலறைக்குள் வேண்டாம் என்பது அவள் கணக்கு. கொல்லையில் இப்போதைக்கு ஒரு துவைகல் மட்டும் கிடக்கிறது, குனிந்துதான் வேலை செய்ய வேண்டும். திங்கட்கிழமை மேஸ்திரி வருகிறார். விரல் முட்டி உயரத்துக்கு ஒரு திட்டு, மேலே கடப்பாக் கல், பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி, தண்ணீர் நேராக வாழைக்குப் போக ஒரு வாய்க்கால். அளவையெல்லாம் அம்மா சொல்லிவிட்டாள். தொட்டியை விருத்தாசலத்துத் தம்பியே வார்த்துத் தருகிறேன் என்றிருக்கிறான், சின்ன அச்சுதானே என்று. மூலை உருண்டையாக இருக்க வேண்டும் என்று அக்கா சொல்லச் சொன்னதையும் அவனிடம் சொல்லியாயிற்று.